'இறங்கு' என்பதற்கு 'ஏறு' மட்டும்தான் எதிர்ச்சொல்லா?

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். தேர்வில் "அப்பா கிணற்றில் இறங்கினார்" என்று ஒரு வாக்கியம் கொடுத்து, கடைசிச் சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டிருக்கிறார்கள். பாப்பா "கரையேறினார்" என்று எழுத, விடைக்குறிப்பில் "ஏறினார்" என்று இருந்ததால் தவறு என்று அடித்துவிட்டார்கள். இறங்கு என்பதற்கு மொத்தம் எத்தனை எதிர்ச்சொல் உண்டு, பட்டியலாகத் தர முடியுமா என்பது தாயின் கேள்வி. பட்டியல் கேட்டாலும் அவர் மனதில் இருப்பது வேறு என்றே எனக்குப் படுகிறது. எதிர்ச்சொல் என்பது சொல்லுக்கு உரியதா, அந்தச் சொல் நிற்கும் வாக்கியத்துக்கு உரியதா? பாப்பாவின் விடைத்தாள் கேட்பதும் இதைத்தான்.

கோபிச்செட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில் 32 ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். பிறந்தது தோட்டம் தொரவு உள்ள குடும்பம். ஆகவே என் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்தப் பக்கத்துப் பேச்சிலிருந்தே வரும். நெல்லையிலோ நாகையிலோ சில இடங்களில் வேறு சொல் புழங்கலாம், அதை அந்த ஊர்க்காரர்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். ஏறு என்பது இறங்கு என்பதற்குப் பொதுவான எதிர்ச்சொல். பள்ளிப் புத்தகம் சொல்வது சரி. பஸ்ஸில் ஏறுகிறோம், இறங்குகிறோம். சென்னிமலையில் 1320 படி ஏறுகிறோம், இறங்குகிறோம். ஈரோட்டு மண்டியில் மஞ்சள் விலை ஏறுகிறது, இறங்குகிறது. காய்ச்சல் ஏறுகிறது, இறங்குகிறது. இங்கெல்லாம் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் வாக்கியம் கோணாமல் நிற்கும். இன்னொன்றும் உறுதி. எதிர்ச்சொல் வேறு, எதிர்மறை வேறு. "இறங்கவில்லை" என்று எழுதும் பிள்ளைகள் வகுப்புக்கு நான்கு பேராவது இருப்பார்கள். இறங்காதவர் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கலாம், அவர் எதிர்ப்பக்கமாக எதுவும் செய்துவிடவில்லை. பாப்பா அந்தத் தப்பைச் செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இப்போது விடைக்குறிப்பில் உள்ள சொல்லை அந்த வாக்கியத்திலேயே போட்டுப் பாருங்கள். "அப்பா கிணற்றில் ஏறினார்." யாராவது இப்படிப் பேசுவார்களா? மரத்தில் ஏறலாம், வண்டியில் ஏறலாம், கிணற்றில் எப்படி ஏறுவது? சொல் சரியான சொல்தான், வாக்கியத்தில் உட்கார மறுக்கிறது. ஏன் மறுக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பஸ்ஸையும் கிணற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். "பஸ்ஸில் ஏறினார், பஸ்ஸிலிருந்து இறங்கினார்" என்கிறோம். ஏறும்போது 'இல்' வருகிறது, இறங்கும்போது 'இலிருந்து' வருகிறது. அதாவது ஏறுவது உள்ளே போவது, இறங்குவது வெளியே வருவது. கிணற்றுக்கு வாருங்கள். "கிணற்றில் இறங்கினார், கிணற்றிலிருந்து ஏறி வந்தார்." உருபு அப்படியே தலைகீழாகிவிட்டது. இங்கே இறங்குவதுதான் உள்ளே போவது. ஒரே 'இறங்கு', ஓரிடத்தில் ஒன்றைவிட்டு நீங்குவதையும் இன்னோரிடத்தில் ஒன்றுக்குள் புகுவதையும் குறிக்கிறது. இரண்டுக்கும் பொதுவானது கீழ்நோக்கிப் போவது மட்டும். எதிர்ச்சொல் கேட்கும்போது எதைத் திருப்பச் சொல்கிறோம்? திசையையா, புகுதல் நீங்கலையா? பஸ்ஸில் இரண்டும் ஒன்றாகவே திரும்பிவிடுவதால் நமக்கு வித்தியாசமே தெரிவதில்லை. கிணற்றில் திரும்புகிறபோது உருபும் சேர்ந்து திரும்ப வேண்டும். "கிணற்றிலிருந்து ஏறினார்" என்று முழு வாக்கியமாக எழுதியிருந்தால் விடைக்குறிப்பும் சரியாகவே இருந்திருக்கும்.

பாப்பா எழுதிய 'கரையேறினார்' என்பதற்கு வருகிறேன். கிணற்றங்கரை என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. தண்ணீருக்குள் இருந்தவர் வெளியே வருவதற்குக் கரையேறுதல் என்றே பெயர். நீச்சல் அடித்துவிட்டு மேலே வரும் பையனைக் "கரையேறுடா" என்றுதான் அதட்டுகிறோம். ஆகவே தண்ணீர் உள்ள கிணறு என்றால் அவள் எழுதியது சரி. திசை, நீங்கல் இரண்டையும் அந்த ஒரே சொல் பிடித்துவிடுகிறது. தூர் வாரப் போன வறண்ட கிணறாக இருந்தால் நான் 'மேலே வந்தார்' என்று எழுதச் சொல்வேன். கரையேறு என்பதில் ஈரம் இருக்கிறது என்பது என் காது சொல்வது, இலக்கண விதி அல்ல. கடனில் இருந்தவர் கரையேறினார், பொண்ணைக் கரையேத்தியாச்சு என்றெல்லாம் சொல்கிறோமே, அங்கெல்லாம்கூட மூழ்கிக் கிடந்த ஒருவரைத்தான் மனம் நினைத்துக்கொள்கிறது.

கிணறு என்றதும் எனக்கு எங்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின், கவலை நினைவுக்கு வராமல் இருக்காது. கவலை என்றால் இங்கே மனக்கவலை அல்ல, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் ஏற்பாடு. மின்மோட்டார் வருவதற்கு முன்னால் கொங்கு நாடு முழுக்கக் கவலையில்தான் தண்ணீர் இறைத்தோம். கிணற்று மேட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவாக ஒரு பாதை இருக்கும், அதற்கு வாரி என்று பெயர். மாடு இரண்டும் வாரியில் இறங்கும். அப்பாரு வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்துகொள்வார், அவருடைய கனமும் சேர்ந்து இழுக்கும். மாடு இறங்க இறங்கக் கிணற்றுக்குள்ளிருந்து தண்ணீர் மொள்ளும் சால் ஏறும். மேலே வந்ததும் சாலோடு சேர்ந்த தோல் குழாயான தும்பியின் வாய் அவிழ்ந்து தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். அப்புறம் மாடு பின்னாலேயே நடந்து வாரியில் ஏறும், சால் இறங்கும். சிறுவனாக அந்த மேட்டில் நின்று பார்த்தவன் நான். அப்பாரு "எறங்கு எறங்கு" என்று மாட்டிடம் சொன்ன நேரத்தில் என் கண் முன்னே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். ஒரே கயிறு, ஒரே இழுப்பு. மாட்டைப் பார்த்தால் இறக்கம், சாலைப் பார்த்தால் ஏற்றம். பின்னாளில் வகுப்பில் எதிர்ச்சொல் நடத்தும்போதெல்லாம் "எது நகர்கிறது என்று முதலில் கேள்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னது இதை வைத்துத்தான்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த நானே ஒரு பிள்ளைக்கு அநியாயம் செய்திருக்கிறேன். பள்ளியில் சேர்ந்த புதிது. "கிணற்றில் தண்ணீர் இறங்கியது" என்ற வாக்கியத்துக்கு மேட்டுக்காட்டிலிருந்து வந்த ஒரு பையன் "ஊறியது" என்று எழுதினான். நானும் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'ஏறியது' என்று திருத்தினேன். அவன் எதுவும் பேசவில்லை. அந்தச் சனிக்கிழமை எங்கள் தோட்டத்துக்குப் போனபோது பக்கத்துத் தோட்டத்துக்காரர், "போன மாசம் ரெண்டு ஆள் மட்டம் எறங்கிப்போச்சுங்க, இப்ப மழை பேஞ்சதுல நல்லா ஊறிருச்சுங்க" என்றார். அதே மூச்சில், அதே கிணற்றைப் பற்றி. இறங்கியதற்கு எதிராக அவர் வாயில் தானாக வந்த சொல் ஊறியது. கிணற்றுத் தண்ணீர் வெளியிலிருந்து யாரோ தூக்கி ஊற்றி ஏறுவதில்லை, பாறை இடுக்கிலிருந்து கசிந்து சேர்கிறது. அந்தப் பையனுக்கு அது கண்ணால் பார்த்த உண்மை. திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டு மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். ஆனால் எல்லோர் முன்னாலும் தவறு என்று சொன்னதை எல்லோர் முன்னாலும் திருத்தியிருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான். இதுவே பவானிசாகர் அணையாக இருந்தால், மொத்தம் 105 அடியில் இன்றைக்கு இத்தனை அடி என்று அளவு வைத்துப் பேசுவதால், நீர்மட்டம் ஏறியது, உயர்ந்தது என்பதே பொருத்தம். வெள்ளத்துக்கு இறங்கியது என்பதைவிட வடிந்தது என்பதுதான் நல்ல சொல், அதற்கு எதிர் பெருகியது. ஆக, ஒரே தண்ணீருக்குக் கிணற்றில் ஒன்று, அணையில் ஒன்று, ஆற்றில் ஒன்று.

புகுதல் என்ற பொருளில் வரும் இறங்கு இன்னும் ஒரு படி தள்ளிப் போய்விடுகிறது. நம் பக்கத்தில் தீமிதிப்பதைக் குண்டம் இறங்குதல் என்போம். பண்ணாரி அம்மன் கோயிலில் பங்குனியிலும் பாரியூர் அம்மன் கோயிலில் மார்கழியிலும் ஆயிரக்கணக்கானவர்கள் குண்டம் இறங்குகிறார்கள். குண்டம் என்றால் குழி, ஆகவே இறங்குதல் என்று சொல் அமைந்ததில் வியப்பில்லை. ஆனால் இதற்கு எதிர்ச்சொல் என்ன? குண்டம் ஏறினார் என்று ஒருவரும் சொல்வதில்லை. "குண்டம் எறங்கிட்டேன்" என்றால் காப்புக் கட்டி, விரதம் இருந்து, தீயில் நடந்து அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது எல்லாமே அதற்குள் அடங்கிவிட்டது. திரும்பி வருவதற்கென்று தனிச் சொல் தேவைப்படவே இல்லை. எதிர்ச்சொல் இல்லாத சொற்கள் உண்டு, இல்லாமல் இருப்பது குறை ஒன்றும் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. தேர்தலில் இறங்கினார் என்றால் எதிர் 'விலகினார்' அல்லது 'ஒதுங்கினார்'. வேலையில் இறங்கியவர் அதைக் கைவிடுகிறார். பேச்சுவார்த்தையில் ஒரு தரப்பு இறங்கி வந்தது என்றால் மறுதரப்பு விடாப்பிடியாக நின்றது, அங்கே எதிர் நகர்வே இல்லை, நகராமை இருக்கிறது.

வீட்டுக்குள் வாருங்கள், இன்னும் சுவையாக இருக்கும். அம்மை போட்ட குழந்தைக்கு முத்து இறங்கிவிட்டது என்றால் எல்லோருக்கும் நிம்மதி, தலைக்குத் தண்ணீர் ஊற்ற நாள் பார்ப்பார்கள். இதற்கு எதிர் 'முத்து ஏறியது' கிடையாது, 'முத்து போட்டது' என்போம். விஷத்துக்கோ ஏறு இறங்கு இரண்டும் உண்டு, ஏறினால் கெட்டது, இறங்கினால் நல்லது. விலையிலும் படிப்பிலும் ஏற்றத்தை நல்லதாக நினைத்துப் பழகிய பிள்ளைக்கு இதைச் சொன்னால் கண் விரியும். சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று நோயாளி சொன்னால், இறங்கியது திரும்பி வருவதற்கு எதுக்களிக்கிறது என்று நல்ல தமிழ்ச் சொல்லே இருக்கிறது. சாமி ஒருவர் மேல் இறங்கினால், அது போவதற்குச் சாமி மலையேறிவிட்டது என்கிறோம். இங்கே ஏறு வருகிறது, ஆனால் தனியாக வராமல் மலையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. விளக்கு அணைந்ததையும் மலையேறியது என்றே சொல்கிறோம். அணைந்தது என்ற சொல்லை வீட்டில் வாய்விட்டுச் சொல்லக் கூசுவதால் தெய்வத்துக்குச் சொல்லும் மரியாதைச் சொல்லை விளக்குக்கும் கொடுத்துவிட்டோம் என்பது என் எண்ணம். இது என் ஊகம் மட்டுமே, பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாட்டுக் கட்டுத்தறியில் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. விடியற்காலையில் கன்றை அவிழ்த்துவிட்டு நாலு வாய் ஊட்டவிட்டால்தான் மாடு பால் இறக்கும். மடி விறைத்துக் காம்பு நிறையும், கை வைத்தால் தெரியும். பழக்கமில்லாத ஆள் கை வைத்தாலோ, பக்கத்தில் நாய் குரைத்தாலோ, மாடு பாலை அடக்கிக்கொள்ளும். எங்கள் அம்மா மடியில் கை வைத்த உடனே சொல்லிவிடுவார், "இன்னும் எறக்கல, கொஞ்சம் பொறு." இங்கே இறக்கு என்பதற்கு எதிர் அடக்கு. ஏற்று என்று எழுதினால் மாடு கறக்கும் வீட்டுப் பிள்ளை சிரிக்கும்.

இறக்கு என்ற பிறவினை வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன், தேர்வில் மதிப்பெண் போவது இங்கேதான் அதிகம். இறங்கு, ஏறு தன்வினை. இறக்கு, ஏற்று பிறவினை. "மூட்டையை இறக்கினார்" என்பதற்கு "ஏற்றினார்" எழுத வேண்டும், "ஏறினார்" எழுதினால் தவறு. காலமும் இடமும் பாலும்கூட மாறக் கூடாது. இது உறுதியான விதி. லாரியில் லோடு ஏற்றுவதும் இறக்குவதும் போல் கப்பலுக்கும் சொன்னதிலிருந்துதான் ஏற்றுமதி, இறக்குமதி என்ற சொற்கள் வந்தன. திருப்பூர்க்காரர்களுக்கு இந்த இணையை விளக்கவே தேவையில்லை. ஆனால் இங்கேயும் எல்லா இறக்குக்கும் ஏற்று எதிர் அல்ல. பனைமரத்தில் ஏறுகிறவர் தெளுவு, அதாவது பதநீர், இறக்குகிறார். தெளுவை யாரும் மரத்தில் ஏற்றவில்லை, அது மரத்திலேயே சுரந்தது. தேங்காய் இறக்குவதும் அப்படியே. ஆள் ஏறுகிறார், காய் இறங்குகிறது, கவலை மாடும் சாலும் போல. அடுப்பிலிருந்து சட்டியை இறக்குகிறோம், எதிராக அடுப்பில் வைக்கிறோம், உலையை மட்டும் ஏற்றவும் செய்கிறோம். அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கணக்கு ஒத்துவராது. விளக்கேற்று என்பதற்கு எதிர் விளக்கை இறக்கு ஆகாது, 'குளிர வை' என்பார்கள் பெரியவர்கள். ஏறு, ஏற்று என்பவற்றுக்கும் இறங்கு, இறக்கு தவிர வேறு எதிர்ச்சொற்கள் உண்டு என்பது இதிலிருந்தே தெரியும்.

கீழ்நோக்கிய மற்ற வினைகளை விரைவாகப் பார்த்துவிடலாம். விழு என்பதற்கு எழு, தாழ் என்பதற்கு உயர், குனி என்பதற்கு நிமிர், மூழ்கு என்பதற்கு மித என்று புத்தகம் சொல்லும், பெரும்பாலும் சரி. விழுந்த ஆள் எழுவார். விழுந்த மாங்காய் எழாது. விழுந்த பல்லுக்கு எதிர் முளைத்த பல், இதை நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் வாயைத் திறந்து காட்டியே பதில் சொல்வார்கள். மூழ்கினார் என்பதற்கு மிதந்தார் என்று எழுதச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம் வரும், ஆற்றில் குளிக்கிறவர் மூழ்கி எழுந்தார் என்பதுதானே வழக்கம். பொருள் என்றால் மித, ஆள் என்றால் எழு என்று நான் பிரித்துச் சொல்வேன்.

பழைய இலக்கணம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று யாராவது கேட்கலாம். பள்ளியில் நாம் நடத்துகிற மாதிரி எதிர்ச்சொல் என்று ஒரு தனி இயல் தொல்காப்பியத்தில் இல்லை. ஆனால் செய்யுளியலில், பாட்டில் எதிரெதிரானவற்றை வைத்துத் தொடுக்கும் முரண்தொடையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் "மொழியினும் பொருளினும் முரணுதல் முரணே" என்று வருகிறது. சொல்லால் முரணுவதையும் பொருளால் முரணுவதையும் இரண்டாகவே எண்ணியிருக்கிறார்கள். அது பாட்டின் தொடைக்குச் சொன்னது, வகுப்பறைப் பயிற்சிக்குச் சொன்னதில்லை. ஆனாலும் ஏறினார் என்பதைச் சொல்முரண் என்றும் கரையேறினார் என்பதைப் பொருள்முரண் என்றும் நான் நீட்டிப் படிக்கிறேன். அந்த நீட்டல் என்னுடையது. இன்னொன்று, சொல்லதிகாரத்தில் வா, தா என்பவை தன்மைக்கும் முன்னிலைக்கும், செல், கொடு என்பவை படர்க்கைக்கும் உரியவை என்று பிரித்திருக்கிறார்கள். அதாவது நகர்வைச் சொல்லும் வினைக்குப் பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்பது முக்கியம். பண்ணாரியிலிருந்து தாளவாடிப் பக்கம் மலையேறும் திம்பம் சாலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியில் நிற்பவருக்கு மேலே போகிறவர் ஏறிப் போகிறார். தாளவாடிக்காரருக்கு அதே ஆள் ஏறி வருகிறார். ஏறு மாறவில்லை, போ மட்டும் வா ஆகிவிட்டது.

நிலம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பது சொல்லுக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பதற்கு மேற்கு, கிழக்கு இரண்டும் சாட்சி. மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. கொங்கில் நின்று பார்த்தால் இதற்கு விளக்கமே வேண்டாம். நொய்யல் வெள்ளியங்கிரியில் பிறந்து கிழக்கே இறங்கிக் காவிரியில் சேர்கிறது. பவானி கூடுதுறையில் சேர்கிறது. அமராவதி கரூர்ப் பக்கம் சேர்கிறது. தண்ணீர் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே இறங்குகிறது. மலையைத் தாண்டிய கேரளத்தில் நிலம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது, மலை அங்கே கிழக்கில். ஆனாலும் மலையாளத்தில் அந்தத் திசைக்குக் கிழக்கு என்றே பெயர். மேற்குக்கு மட்டும் ஞாயிறு படுகிற திசை என்று படிஞ்ஞாறு ஆயிற்று. 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இந்தக் 'கிழக்கு' என்ற சொல்லை வைத்து, அந்த மக்கள் மலைக்குக் கிழக்கே இருந்து போனவர்கள் என்று வாதிட்டார். சொல்லின் பிறப்பைப் பற்றி அவர் சொன்னதை நான் ஏற்கிறேன். ஒரு சொல்லை மட்டும் வைத்து ஒரு மக்களின் வரலாற்றையே எழுதிவிட முடியுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கோவையிலிருந்து வாளையார் வழியாகப் பாலக்காடு போகிறவர்கள் மேற்கே போகிறார்கள், ஆனால் சரிவில் இறங்கியே போகிறார்கள். அந்தக் கணவாயில் மட்டும் நமக்கும் மேற்கு என்பது கீழ்.

சரி, பாப்பாவின் விடைத்தாளுக்கு வருவோம். வகுப்பாசிரியரைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாற்பது தாள் திருத்துகிறவர் கையில் ஒரு விடைக்குறிப்பைக் கொடுத்தால் அதன்படிதான் திருத்துவார், நானும் அப்படித்தான் திருத்தியிருக்கிறேன். பிழை கேள்வி அமைத்ததில் இருக்கிறது. 'ஏறினார்' என்ற விடைதான் வேண்டும் என்றால் "அப்பா படியில் இறங்கினார்" என்றோ, வாக்கியமே இல்லாமல் 'இறங்கு' என்ற சொல்லை மட்டுமோ கொடுத்திருக்கலாம். கிணற்றைக் கொடுத்துவிட்டால் கிணற்றுக்குரிய சொல்லை எழுதும் பிள்ளையை ஏற்கத்தான் வேண்டும். ஆசிரியரிடம் சண்டை பிடிக்காமல், "கிணற்றில் ஏறினார் என்று சொல்வோமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பாப்பாவிடம், வாக்கியம் இல்லாமல் தனிச் சொல்லாகக் கேட்டால் ஏறு என்று எழுது, வாக்கியத்தோடு கேட்டால் எழுதிய சொல்லை அதே வாக்கியத்தில் வைத்து ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார் என்று சொல்லுங்கள். அவள் எழுதியதையே அப்படிப் படித்தால் "கிணற்றில் கரையேறினார்" என்று வரும். அதுவும் 'கிணற்றிலிருந்து' என்று இருந்தால்தான் முழுதாகச் சரி. அதை அவளாகவே கண்டுபிடித்துவிடுவாள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்ட பட்டியலைத் தராமல் விட்டதற்கு வருந்த வேண்டாம். மேலே வந்தவற்றை எண்ணினாலே ஏறு, கரையேறு, மேலே வா, ஊறு, உயர், விலகு, எதுக்களி, மலையேறு, அடக்கு என்று நீளும், உங்கள் வீட்டில் பேசுவதைக் கவனித்தால் இன்னும் நாலு கிடைக்கும். அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். உங்கள் கேள்வியில் ஓரிடத்தில் "இரங்கினார்" என்று இடையின ரகரம் போட்டிருக்கிறீர்கள். பேச்சில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்பதால் வரும் பிழை, நம் பக்கத்தில் எல்லோருக்கும் வரும். இரங்கு என்றால் மனம் கசிவது, இரங்கல் கூட்டம் என்பதில் வருவது அது. அதற்கு ஏறு எதிர்ச்சொல் ஆகாது, மனம் கல்லானார் என்று வேண்டுமானால் சொல்லலாம். கிணற்றில் போகிறவருக்கு வல்லின றகரம் போடுங்கள்.